இரண்டாவது பூட்டு

என் மாமாவுக்கு வேலையிடத்தில் 'மறுபடி' என்று பெயர். வைத்தவன் நான்தான். அக்கா புருஷனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு உனக்கு என்னடா கொழுப்பு என்று கேட்டால், ஆமாம், கொழுப்புதான். அது எப்படிக் கரைந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாமாவின் கதையாகத்தான் ஆரம்பிக்கிறேன். நடுவில் நான் மாட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் லிப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனி, ஒரே வேன், பதினோரு வருஷமாக ஒரே ஜோடி. மாமா நெட்டையான மனிதர். கைக்குட்டையை நாலாக மடித்துத்தான் பையில் வைப்பார். ஓடுகிற லிப்டின் கதவில் காதை வைத்து, "ஆறாவது மாடியில ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும். வேலை செய்யும்போது வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே இருப்பார். ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. டியூப்லைட் எரிவதற்கு முன்னால் போடுமே ஒரு சத்தம், அந்த மாதிரி இருக்கும். அந்த முனகல் கேட்டால் வேலை நல்லபடியாகப் போகிறது என்று அர்த்தம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த முனகல் நின்றுபோனது.

அன்றைக்கு எங்களோடு ஒரு வெல்டர் வந்திருந்தார். மாமாவைவிட வயதில் மூத்தவர். மாமா மொட்டைமாடியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழே வந்தார். வெல்டர் வேலையை ஆரம்பித்தார். மேலே மாடியைக் கழுவ வந்த ஆள், என்னவோ அணைந்து கிடக்கிறதே என்று அந்த சுவிட்சைப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், லிப்ட் கயிறு ஒரு முழம் நகர்ந்தது. வெல்டருக்கு இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் மாமா மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்கள். வெல்டரே ஆஸ்பத்திரியில் இருந்தபடி, "உன் தப்பு இல்லப்பா, போய்ப் பொழப்பப் பாரு" என்றார். ஊரே மன்னித்தது. மாமா மட்டும் மாமாவை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் பூட்டு வந்தது. லிப்ட் வந்து நிற்கிற தரைத்தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். அதற்குள் இறங்கி வேலை பார்க்கும்போது தலைக்கு மேலே முக்கால் டன் பெட்டி நிற்கும். அதனால் இறங்குவதற்கு முன்னால், மொட்டைமாடி மெஷின் ரூமில் அந்த லிப்டின் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை என்றால் இரண்டு பூட்டு. அவனவன் உயிருக்கு அவனவன் பூட்டு, அவனவன் சாவி. இதுதான் சட்டம்.

நான் என் பூட்டைப் போட்டதே இல்லை. கருவிப்பையின் அடியில் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது. மாமாதான் போடுகிறாரே, அது போதாதா?

மாமா போடுவார். போட்டுவிட்டு இழுத்துப் பார்ப்பார். கீழே வருவார். பாதிப் படியில் நிற்பார். முகம் ஒரு மாதிரி வெளிறும். "மச்சான், ஒரு நிமிஷம்" என்று மறுபடி ஏறுவார். முதலில் இரண்டு தடவை, பிறகு ஐந்து. போன வருஷம் ஒரே நாளில் பதினேழு தடவை ஏறி இறங்கினார். எண்ணியவனும் நான்தான். எண்ணிச் சிரித்துவிட்டு, மற்ற மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டுச் சொன்னவனும் நான்தான்.

மேலே ஏறாத நேரத்தில் என்னைக் கேட்பார். "மச்சான், அணைச்சேன்ல?"

"அணைச்சீங்க மாமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்."

பொய். நான் எதையும் பார்க்கவில்லை. அவர் வாய் மூடினால் சரி என்று சொல்கிற பதில் அது. ஐந்து நிமிஷம் தாங்கும். பிறகு மறுபடி, "நல்லா பாத்தியா?"

வீட்டில் இதைவிட மோசம். கேஸ் குமிழ், குழாய், கதவு. அக்கா மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். அப்பா கதவைப் பூட்டி, திறந்து, பூட்டி, திறந்து, கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருப்பார். பரீட்சை நாளில் அரை மணி நேரம் தாமதமாகப் போய் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அன்று அக்கா என்னிடம் வந்து நின்றாள். சண்டைக்காரி அவள், அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. "எனக்கு அவரு வேணும்டா. ஆனா இப்படி இல்ல."

அதே வாரம் சூப்பர்வைசரும் மாமாவைக் கூப்பிட்டார். "ஒரு மணி நேர வேலைய நாலு மணி நேரம் பாக்குறீங்க. ஆறு மாசம் தரேன். அதுக்குள்ள சரியாகலேன்னா ஸ்டோர் ரூம்ல உட்காருங்க, போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுங்க." ஓடுகிற லிப்டுக்கு வைத்தியம் பார்த்த காதை, ஸ்டோர் ரூமில் வைத்து என்ன செய்வது? மாமா வந்து வேனில் ஏறினார். ஏறியதும் கைப்பிரேக்கை மூன்று தடவை தொட்டுப் பார்த்தார்.

மாமாவை மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனது அப்படித்தான். நான் "டாக்டரம்மா" என்றேன். "நான் டாக்டர் இல்ல, ஆலோசகர்" என்றார் அவர். நான் கடைசிவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டேன், அவரும் கடைசிவரை திருத்தினார். காலில் செருப்பில்லாமல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். இவர் என்ன பெரிதாகக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

மாமா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுக் கதவ பூட்டிட்டுத்தான் வந்தீங்களா?"

"பூட்டினேன்."

"எந்தக் கையால?"

வாய் திறந்தேன். பூட்டியது நிச்சயம், ஆனால் பூட்டிய காட்சி மண்டையில் இல்லவே இல்லை. சிரித்து மழுப்பினேன்.

"தினமும் செய்யறத மனசு பதிவு பண்ணாது. கை பாட்டுக்குச் செய்யும், மனசு வேற எங்கயோ இருக்கும். அது தப்பு இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?"

"விட்டுருவேன்."

"இவரால விட முடியல. போய்ப் பாக்குறாரு. இருபது தடவ பாத்தா இருபது ஞாபகமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கலங்கிடும். இன்னைக்குப் பாத்ததா, நேத்துப் பாத்ததான்னு புரியாது. சுவத்துல ஒரே எடத்துல ஆணிய அடிச்சு அடிச்சுப் புடுங்கினா என்ன ஆகும்? ஓட்டதான் பெருசாகும். ஆணி நிக்காது."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அவர் பேச்சை ஒருவர் கேலி செய்யாமல் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு எனக்கு விழுந்தது. "இவர் கேட்டா 'பாத்தேன்'னு சொல்றீங்களே, அது மருந்து இல்ல. அந்தப் பயத்துக்குப் போடற தீனி. போடப் போட அது வளரும். இனிமே கேட்டா பதில் சொல்லாதீங்க. பயம் ஏறும். உச்சிக்குப் போகும். யாரும் எதுவும் செய்யலேன்னா அதுவே எறங்கும். எறங்குதுன்னு அவர் உடம்பே ஒரு தடவ பாத்துக்கட்டும்."

ஒரு பட்டியல் போட்டார்கள். எளிதானது கீழே, கொடுமையானது மேலே. முதல் படி, குழாயை ஒரு தடவை மூடிவிட்டுப் போய்விடுவது. ஒரு தடவை, ஆனால் முழு மனசாக, கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி. கடைசிப் படி என்ன தெரியுமா? சுவிட்சை நான் அணைப்பேன், மாமா குழிக்குள் இறங்குவார், என்னை ஒன்றும் கேட்கக் கூடாது.

"ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க" என்றார் அந்த அம்மா. "உங்க தொழிலுக்குன்னு இருக்கிற பாதுகாப்புச் சட்டம் எதையும் குறைக்காதீங்க. சட்டம் சொல்றத செய்யுங்க. அதுக்கு மேல செய்யறதத்தான் நிறுத்தச் சொல்றேன்."

இரண்டு பேரும் தலையாட்டினோம்.

ஐந்து மாதம். அக்கா வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். பக்கத்தில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள், பதில் சொல்லக் கூடாதே! இருபது நிமிஷம் கழித்து அவர் மூச்சு சீராகும். "எறங்கிடுச்சு" என்பார், ஏதோ பேருந்திலிருந்து யாரோ இறங்கிவிட்ட மாதிரி. அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம். அதற்கடுத்த வாரம் பத்து. ஒரு நாள் கதவைப் பூட்டி, "பூட்டிட்டேன்" என்று சொல்லி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தே போய்விட்டார். அக்கா எனக்குப் போன் போட்டாள். அழுதாள், வைத்துவிட்டாள்.

இந்த ஐந்து மாதத்தில் நானும் அரைகுறையாக நாலு விஷயம் கற்றுக்கொண்டேன். தீனி, உச்சி, இறங்கும், காத்திரு. கம்பெனியில் யாராவது கவலைப்பட்டால் வாய் கிழிய விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அரைகுறை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் படிக்கான நாள் வந்தது. பத்து மாடிக் கட்டடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிப்ட். முதல் லிப்டின் குழியில் அடியில் இருக்கிற ஸ்பிரிங் போல்ட்டுகளை மாற்ற வேண்டும். குழிக்குள்ளேயே அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் லிப்ட் நகராது. அந்தக் கட்டடத்தில் போன மாதம் தண்ணீர் புகுந்து அது துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. ஆக, மேலே இருக்கிற மெயின் சுவிட்சுதான் தெய்வம்.

மாமா பையிலிருந்து தன் பூட்டை எடுத்தார். "நானும் மேல வந்து என் பூட்டப் போட்டுட்டு வந்துடறேன் மச்சான். சட்டம் ரெண்டு பூட்டுதானே?"

அப்போது நான் சொன்னதைக் கேளுங்கள். "மாமா, அது மறுபடி பாக்கறதுதான். வேற பேர்ல பாக்கறீங்க. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

மாமா யோசித்தார். குணமாகிவிட வேண்டும் என்கிற வெறி அவருக்கு. பூட்டைப் பைக்குள் திரும்பப் போட்டார். "நீ சொன்னா சரி" என்றார்.

நான் மேலே ஏறினேன். மெஷின் ரூமுக்குள் நுழையும்போது அக்காவிடமிருந்து போன்.

"எப்படிடா இருக்காரு? கேக்குறாரா?"

"எங்க கேக்குறாரு! வாயே திறக்கல. இன்னையோட முடிஞ்சுது அக்கா. உன் புருஷன் பழைய ஆளா திரும்பி வராரு, பாத்துக்க." பெருமை வழிந்தது எனக்கு. ஏதோ நானே நாற்காலியில் சம்மணம் போட்டு வைத்தியம் பார்த்த மாதிரி. சுவிட்சை அணைத்தேன், பூட்டினேன், சாவியைப் பையில் போட்டேன். லிப்டில் போனால் சிக்னல் போய்விடும் என்று பத்து மாடியும் பேசிக்கொண்டே படியில் இறங்கினேன்.

தரைத்தளத்துக் கதவைத் திறந்து, அது தானாக மூடாமல் இருக்கக் கீழே மரக்கட்டையைச் செருகினேன். மாமா ஏணியை வைத்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கேள்வி தொண்டை வரை வந்ததைக் கண்ணால் பார்த்தேன். விழுங்கினார். இறங்கினார்.

இருபது நிமிஷம் போயிருக்கும். ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. எந்தக் கையால் அணைத்தேன்?

நினைத்துப் பார்த்தேன். அக்காவின் குரல் இருந்தது, என் சிரிப்பு இருந்தது, கையில் பூட்டின் குளிர்ச்சிகூட இருந்தது. சுவிட்ச் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

உடனே எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இது மாமாவின் வியாதி, எனக்கு ஒட்டப் பார்க்கிறது. தீனி போடாதே. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். காத்திரு. நெஞ்சு படபடக்க நான் காத்திருந்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு காத்திருந்தேன், என் அக்கா புருஷன் முக்கால் டன்னுக்குக் கீழே உட்கார்ந்திருக்க!

அப்போது இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண் வந்தார். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர். "என்னங்க, ஒண்ணுதானே ரிப்பேர்னு போர்டு வெச்சிருக்கீங்க? ரெண்டாவதும் வேலை செய்யலையே?"

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது லிப்டின் மேலே எண் காட்டுகிற சின்னக் கண்ணாடி இருண்டு கிடந்தது. முதல் லிப்டின் கண்ணாடியில் '3' என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

மெஷின் ரூமுக்குள் பின்பக்கமாக நுழைவோம். கீழே இடது பக்கம் இருக்கிற முதல் லிப்டுக்கு மேலே வலது பக்கம் சுவிட்ச். புதிதாக வந்தவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன், வாய்ப்பேச்சில் கையை இடது பக்கமே நீட்டியிருக்கிறேன்.

இப்போது ஒரு குழந்தைகூடச் சொல்லும் என்ன செய்ய வேண்டும் என்று. "மாமா, வெளிய வாங்க!" மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. முனகல். ராகமும் இல்லாத, தாளமும் இல்லாத, நாலு வருஷமாகக் கேட்காத அந்தப் பாழாய்ப்போன முனகல்.

என் வாய் மூடிக்கொண்டது. இப்போது கூப்பிட்டால் அவர் மறுபடியும் அந்தப் பயத்துக்குள் போய்விடுவார், ஐந்து மாதப் பாடும் பாழாகிவிடும், அக்கா தாங்கமாட்டாள் என்று காரணம் காரணமாக வரிசையில் வந்து நின்றன. கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருந்தால் லிப்ட் நகராது, ஒன்றும் ஆகாது என்று இன்னொரு காரணம். எல்லாம் நல்ல காரணங்கள்தான். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று: வெட்கம். 'மறுபடி' என்று பெயர் வைத்தவன் கோட்டை விட்டுவிட்டான் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே!

அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, இந்தக் கதவுகிட்டயே நில்லுங்க. யாரையும் தொட விடாதீங்க. தயவுசெஞ்சு."

ஓடினேன். பத்து மாடி. நாலாவது மாடியில் மூச்சு முட்டியது. ஐந்தாவது மாடியில் ஒரு ஆள் முதல் லிப்டின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "தொடாதய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஏழாவது மாடியில் கீழேயிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். திரும்பிப் போகவா, மேலே போகவா? கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். அக்கா மகள் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. மெஷின் ரூம் கதவை உதைத்துத் திறந்து, வலது பக்க சுவிட்சை இரண்டு கையாலும் இறக்கினேன். இரண்டாவதைப் போட்டுவிட்டு, பூட்டை இதற்கு மாற்றினேன். இறங்கும்போது எத்தனை படி தவறவிட்டேன் என்று தெரியாது.

கீழே அந்தப் பெண் பைகளைத் தரையில் போட்டுவிட்டு, கதவுக்கு நடுவில் ஒரு காலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டை நழுவிடுச்சுங்க. ஏணி பட்டுச்சு போல. கதவு வேகமா மூட வந்துச்சு, சட்டுன்னு கால வெச்சுட்டேன். வலிக்குது."

அந்தக் கால் மட்டும் இல்லையென்றால் கதவு மூடியிருக்கும். ஐந்தாவது மாடிக்காரன் அழுத்திய பொத்தானுக்கு லிப்ட் போயிருக்கும், அவனை ஏற்றிக்கொண்டு நேராகக் கீழே வந்திருக்கும். உள்ளே மாமா இன்னும் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

கட்டையைச் சரியாகச் செருகி, அந்தப் பெண்ணை இரண்டாவது லிப்டில் ஏற்றி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஏணியில் மாமாவின் தலை தெரிந்தது. முகமெல்லாம் கிரீஸ். பல்லெல்லாம் சிரிப்பு. "மச்சான்! முக்கா மணி நேரம். ஒரு தடவகூட கேக்கல, பாத்தியா? உச்சிக்குப் போச்சு. தானா எறங்குச்சு!"

"சூப்பர் மாமா" என்றேன்.

அந்த வார்த்தைக்கு என் வாய் புழுத்துப்போக வேண்டும்.

மூன்று வாரம் நான் சொல்லவில்லை. சூப்பர்வைசர் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஸ்டோர் ரூம் பேச்சு நின்றது. அக்கா சிரித்தாள். நான்தான் வீட்டுக் கதவின் கைப்பிடியை ஆட்ட ஆரம்பித்திருந்தேன். ஒரு தடவை, மூன்று தடவை. கடைசியில் தனியாக அந்த டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "அவரு நல்லதுக்காகத்தான் சொல்லல" என்று முடித்தேன்.

அவர் கால்களை மடக்காமல் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அப்படி நான் பார்த்ததில்லை. "ரெண்டாவது பூட்டு சட்டத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"சட்டத்தக் குறைக்காதீங்கன்னு நான் சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"தப்பு பண்ணிட்டா மனசு முதல்ல தேடறது காரணத்தத்தான். 'நான் நல்லவன்' அப்படிங்கறதும் 'நான் இப்படிப் பண்ணிட்டேன்' அப்படிங்கறதும் ஒரே மண்டைக்குள்ள சேர்ந்து இருக்க முடியாது. ஒண்ண மாத்தணும். பண்ணினத மாத்த முடியாது, அதனால காரணத்த மாத்துவோம். எல்லாரும் செய்யறதுதான். இப்ப சொல்லுங்க, நீங்க யாரக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். படியிறங்குவதற்குள் கோபம் தீர்ந்துவிட்டது. அவர் சொன்னது தீரவில்லை.

மறுநாள் மத்தியானம், வேறொரு கட்டடத்தின் மொட்டைமாடி, மெஷின் ரூம் வாசல். மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சுவிட்ச், போன், இருண்ட கண்ணாடி, அந்தப் பெண்ணின் கால், எல்லாவற்றையும். "கூப்பிட்டிருக்கணும் மாமா. கூப்பிடல. எனக்கு வெட்கமா இருந்துச்சு."

டப்பாவின் மூடியை மாமா மெதுவாக மூடினார். எழுந்து மெஷின் ரூமுக்குள் போனார். போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே மனிதரைத் திரும்பக் குழியில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சுவிட்சைத் தொடவில்லை. அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு ஏறி, ஏறி, பிறகு இறங்கியது.

வெளியே வந்து எனக்கு ஓங்கி ஓர் அறை விட்டார். காது கொய்ங் என்றது. இன்னொன்று வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை.

"ஒரு தடவ போதும்" என்றார்.

பிறகு உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். இரண்டு தடிமாடுகள் மொட்டை வெயிலில் உட்கார்ந்து அழுததைப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலு வருஷமாடா" என்றார் மாமா. "நான் தப்பு பண்ணிடுவேன், நான் மறந்துடுவேன், என்னால யாராவது சாவாங்கன்னுதான் பயந்தேன். நீயும் மறப்பேன்னு ஒரு நாளும் எனக்குத் தோணல. எல்லா லிப்டையும் நான் ஒருத்தன்தான் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்னு நெனச்சிருக்கேன் பாரு, எவ்வளவு திமிரு எனக்கு!" மூக்கைத் துடைத்தார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "அந்தக் கால் வெச்ச அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"வீக்கம். நாலு நாள்ல சரியாயிடுச்சு. போய்ப் பாத்தேன்."

"நாளைக்கு நானும் வரேன்."

கருவிப்பைக்குள் கையை விட்டு என் பூட்டைத் தேடி எடுத்தார். துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் திறந்து என் கையில் வைத்தார்.

இப்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து மேலே போகிறோம். சுவிட்சின் மேல் இருக்கிற லிப்ட் எண்ணைப் படித்து வாய்விட்டுச் சொல்கிறோம். இரண்டு பூட்டு. ஒரு தடவை. போன் வேனிலேயே கிடக்கும், அக்காவாக இருந்தாலும் சரி.

போன வாரம் குழியில் இறங்க வேண்டியது என் முறை. ஏணியில் இறங்கி, குனிந்து, போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். தலைக்கு மேலே அந்தப் பெட்டி. பின்கழுத்தில் குளிர்ந்தது. நானே பூட்டியதுதான். என் கண்ணால் பார்த்ததுதான். இருந்தும் வாய் கேட்டுவிட்டது.

"மாமா, முதல் லிப்ட்தானே அணைச்சோம்?"

மேலே முனகல் நின்றது. அவர் முகம் குழியின் விளிம்பில் தெரிந்தது. முன்னால் நான் சொன்ன மாதிரி 'பாத்தேன், பாத்தேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தார், பாவி மனிதர்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

சட்டைப்பையைத் தொட்டேன். இருந்தது. இன்னொரு தடவை தொடச் சொல்லிக் கை துடித்தது. நெஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் இதோடு நாலு வருஷம் வேலைக்கு வந்திருக்கிறார். நான் எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே மாமா மறுபடி முனக ஆரம்பித்தார்.